காயாத உப்பு மாவுப் பிள்ளையார்

மைதாவும் உப்பும் பிசைந்து பாப்பா செய்த பிள்ளையார் நாலு நாளாகியும் பிசுபிசுக்கிறார் என்று செம்பூரிலிருந்து கேட்டிருந்தீர்கள். பிசைந்ததில் தப்பில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மும்பை ஜூலையில் ஃபேனடியில் வைத்தால் எங்கே காயும்!

ஓவன் இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. தொப்பைதான் தகராறு. வெளியே இறுகினாலும் உள்ளே ஈரம் நிற்கும். அடுத்த பிள்ளையாருக்கு அலுமினியத் தாளை உருட்டி உள்ளே வைத்து, மேலே மெல்லிசாக மாவு பூசச் சொல்லுங்கள். அதை மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், தீப்பொறி பறக்கும். நன்றாக ஆறியதும் பெயிண்ட், அப்புறம் நீங்களே வார்னிஷ் அடியுங்கள்.

ஓவன் இல்லையா? மழை விடும்வரை பழைய அட்டைப்பெட்டியில் வெள்ளைப் போஸ்டர் கலரால் வார்லி (மகாராஷ்டிரப் பழங்குடி ஓவியம்) வரையட்டும். வட்டம், முக்கோணம், கோடு போதும்.