ஸ்விட்ச் பாஸ்வேர்ட்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

நீலகிரி வாசகர்களின் கேள்விகள் இவை. எல்லாமே சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை ஸ்விட்ச் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) பற்றியவை என்பதால் ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஊட்டியில் ஓட்டல் நடத்துகிறோம். சீசனுக்கு சீசன் ஆட்கள் மாறுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே 'அட்மின்' பாஸ்வேர்ட்தான். இது போதுமா?

போதாது. நேற்று விலகிப் போனவருக்கும் இன்று அந்தப் பாஸ்வேர்ட் தெரியும். கேபிள் செருகும் போர்ட்டை யார் அணைத்தார்கள் என்று லாகைப் (நிகழ்வுப் பதிவு) பார்த்தாலும் 'அட்மின்' என்றுதான் இருக்கும். ஆளுக்கு ஒரு கணக்கு போடுங்கள். ஒருவர் விலகினால் அவர் கணக்கை மட்டும் நீக்கினால் போதும். கணக்கு உருவாக்கும்போது 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லுக்குப் பதில் 'சீக்ரெட்' என்று கொடுங்கள், அப்போது அது எளிதில் திருப்பி எடுக்க முடியாத வடிவில் பதியும். செட்டிங்கை மாற்றுகிறவருக்கு பிரிவிலேஜ் (அதிகார நிலை) 15. நிலவரம் மட்டும் பார்ப்பவருக்கு 1. பதினைந்தில் இருப்பவர் உள்ளே நுழைந்ததுமே எனேபிள் நிலையில்தான் (எல்லாவற்றையும் மாற்றக்கூடிய நிலை) இருப்பார். அதனால் அந்த நிலைக்குப் போகும் பாஸ்வேர்டான எனேபிள் சீக்ரெட்டை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, உறையில் போட்டு முதலாளியின் லாக்கரில் வையுங்கள்.

கணக்குகளைப் போட்ட பிறகே விடிஒய் லைன்களில் (நெட்வொர்க் வழியாக ஸ்விட்சுக்குள் நுழையும் வாசல்கள்) 'லாகின் லோக்கல்', அதாவது ஸ்விட்சில் உள்ள கணக்குகளைக் கேட்கும் கட்டளை, கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அப்படியே, தொலைவிலிருந்து நுழையும் வழிகளில் டெல்நெட்டை மூடி எஸ்எஸ்எச் மட்டும் திறந்து வையுங்கள். டெல்நெட்டில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே போகும்.

கேள்வி: கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை. புதுப் பாஸ்வேர்ட் வைத்தோம். மழையில் கரண்ட் போய் வந்ததும் பழையதுதான் வேலை செய்கிறது. பழுதா?

பழுதில்லை, சேவ் ஆகவில்லை. மாற்றம் ரன்னிங் கான்ஃபிக்கில்தான் (இப்போது ஓடும் செட்டிங் தொகுப்பு) இருந்தது. மின்சாரம் போனால் அது போய்விடும். 'ரைட் மெமரி' கொடுத்தால்தான் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் (ஸ்விட்ச் எழும்போது படிக்கும் தொகுப்பு) பதியும்.

கேள்வி: கோவையில் உட்கார்ந்து குன்னூர் கிளையின் ஸ்விட்ச்களைப் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்வேர்ட் மாற்றும்போது வெளியே மாட்டிக்கொண்டால்?

மேலே சொன்ன சேவ் விஷயமே உங்களுக்குக் கைகொடுக்கும். மாற்றத் தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். சேவ் செய்யவா என்று கேட்டால் 'நோ'. மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய செட்டிங்குக்கு வந்துவிடும். பழைய விண்டோவை மூடாமல் வேறொரு விண்டோவில் நுழைந்து பாருங்கள். சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் 'ரைட் மெமரி'. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரிந்து கிடக்கும் நாட்களில் ஓர் உள்ளூர்க்காரர் கையில் கன்சோல் கேபிளும் (கணினியை நேரடியாக ஸ்விட்சில் இணைப்பது) இருப்பது நல்லது.

கேள்வி: கான்ஃபிக்கில் 'பாஸ்வேர்ட் 7' என்று புரியாத எழுத்துகளாகத் தெரிகிறது. பாதுகாப்புதானே? (குன்னூர் பள்ளி)

இல்லை. ஏழாம் வகையை நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே அது. ஐந்தாம் வகை எம்டி5 என்ற மறைக்கும் முறை, அதுவும் பழசு. உங்கள் ஸ்விட்ச் இடம் கொடுத்தால் எட்டு அல்லது ஒன்பது வையுங்கள். உதவி கேட்டு யாருக்காவது கான்ஃபிக்கை அனுப்பினால் பாஸ்வேர்ட் வரிகளை வெட்டிவிட்டு அனுப்புங்கள். இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: பழைய ஆள் பாஸ்வேர்ட் சொல்லாமல் போய்விட்டார். 2960 மாடல் ஸ்விட்ச். வழி உண்டா? (கூடலூர்)

உண்டு. கன்சோல் கேபிளை 9600 வேகத்தில் இணையுங்கள். மின்சாரத்தை எடுத்து, முகப்பிலுள்ள மோட் பட்டனை அழுத்தியபடி மீண்டும் கொடுங்கள். சிஸ்டம் விளக்கு ஆம்பர் நிறம் காட்டிப் பிறகு நிலையான பச்சையானதும் விடுங்கள். அடுத்து 'ஃபிளாஷ்_இனிட்' கட்டளை. ஃபிளாஷில் (ஸ்விட்சின் நிரந்தர நினைவகம்) உள்ள கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பை வேறு பெயருக்கு மாற்றி 'பூட்' கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்காமல் எழும். எனேபிள் நிலைக்குப் போய், கோப்புக்குப் பழைய பெயரைக் கொடுத்து, ரன்னிங் கான்ஃபிக்குக்குக் காப்பி செய்து, புது சீக்ரெட் வைத்து சேவ் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஐபி முகவரியில் ஸ்விட்ச் பதில் தரவில்லையென்றால், விலான் இன்டர்ஃபேஸ் (அந்த முகவரி இருக்கும் மெய்நிகர் போர்ட்) ஷட்டவுனில், அதாவது அணைந்த நிலையில், நிற்கும். 'நோ ஷட்டவுன்' கொடுத்து மறுபடி சேவ் செய்யுங்கள்.