டர்பனில் ஒரு தெருவுக்குப் பெயராக இருக்கும் மாண்டி நாயக்கர் யார்?

கேள்வி: "வேலை விஷயமாக டர்பன் வருகிறேன். ஹோட்டல் முகவரியில் மாண்டி நாயக்கர் ரோடு என்று இருக்கிறது. யார் இந்த நாயக்கர்? பெரிய பணக்காரரா? எந்த ஊர், எந்த ஆட்கள்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே நாயக்கர், நாயுடு, பிள்ளை, முதலி எல்லாம் அடையாள அட்டையில் இருக்கும் குடும்பப்பெயர்கள், அவ்வளவுதான். அவர் எந்த ஆட்கள் என்று என் அம்மா யாரையும் கேட்டதில்லை. கேட்காமலேயே அவர் பின்னால் ஜெயிலுக்குப் போனார்.

மாண்டி நாயக்கரின் முழுப் பெயர் கங்காதுரா மொகாம்பரி நாயக்கர், 1910-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1934-ல் ஊர் திரும்பினார். வசதியான வீட்டுப் பிள்ளை, கையில் டாக்டர் தொழில். பேசாமல் இருந்திருந்தால் நன்றாகவே வாழ்ந்திருப்பார். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்து இந்தியர்களுக்காகக் காந்தி 1894-ல் தொடங்கிய நேட்டால் இந்தியன் காங்கிரஸ் அப்போது மிதவாதிகள் கையில் இருந்தது. வெள்ளைக்கார அரசிடம் மனு கொடுப்பார்கள், பேசிப் பார்ப்பார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் ஹோட்டல் வெயிட்டருக்கும் அங்கே என்ன இடம்? 1945 அக்டோபரில் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி நாயக்கரைத் தலைவராக்கினார்கள். என் அப்பா வெயிட்டர் வேலை பார்த்தவர். அந்தக் கூட்டத்துக்குப் போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில பகுதிகளைத் தவிர வேறெங்கும் இந்தியர்கள் வெள்ளையரிடம் நிலம் வாங்கவோ குடியிருக்கவோ கூடாது. அதற்கு ஈடாக, நம் சார்பில் பேச வெள்ளைக்காரர்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்றார்கள். கெட்டோ சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 1946 ஜூன் 13 அன்று நாயக்கர் தலைமையில் உம்பிலோ ரோடும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில், இந்தியர் இருக்கக் கூடாத ஒரு காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள்.

அம்மாவுக்கு அப்போது இருபது வயதுதான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள். டாக்டர் கூனம் என்ற பெண் டாக்டரும் முன்னால் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மாவும் பெயர் கொடுத்துவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. "வீட்டுக்கு வந்த மருமகள் ஜெயிலுக்குப் போனால் ஊர் என்ன பேசும்?" என்று ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, சாப்பிடாமல் படுத்துவிட்டார். தாத்தாதான், "கரும்புத் தோட்டத்தில் என் அப்பன் பட்ட அடியை விடவா ஊர்ப் பேச்சு பெரிசு, போகட்டும்" என்றாராம்.

ராத்திரியில் வெள்ளைக்கார இளைஞர்கள் கும்பலாக வந்து கூடாரத்தைப் பிடுங்கி எறிவார்கள். பெண்கள் என்றும் பார்க்காமல் அடிப்பார்கள். திருப்பி அடிக்கக் கூடாது என்பது கட்டளை. கிருஷ்ணசாமி பிள்ளை என்ற போலீஸ்காரர் சத்தியாகிரகியே இல்லை. அவரையும் போராட்டக்காரர் என்று நினைத்து அடித்தார்கள், இறந்துபோனார். அதற்கு மறுநாள் ஆயா ஒரு பானை பீன்ஸ் கறியும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு தானே அந்த மூலைக்குப் போய் நின்றார். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வந்துவிட்டார். பிறகு அம்மாவைக் கைது செய்து ஒரு மாதம் உள்ளே போட்டார்கள். சோளக்கஞ்சியும் துணி துவைக்கும் வேலையும்தான். மொத்தம் ஏறக்குறைய 2,000 பேர் அந்தப் போராட்டத்தில் சிறை போனார்கள். நாயக்கரும் போனார், 1948-ல் மறுபடியும் போனார்.

அம்மா அவரிடம் நேரில் பேசியதே இல்லை. கூட்டத்தில் தள்ளி நின்று பார்த்ததோடு சரி.

"கடைசியில் என்ன கிடைத்தது?" என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. 2008-ல் பைன் தெருவுக்கு நாயக்கர் பெயர் வைத்தபோது ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்கார மாமா ஒருவர், "அந்த ஆளை நம்பி உன் அம்மா ஜெயிலுக்குப் போனாள், அப்புறமும் மேவில் வீட்டை இடிச்சு நம்மளை சாட்ஸ்வர்த்தில்தானே கொண்டுபோய்த் தள்ளினான்?" என்றார். டர்பனில் மேவில் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை இடித்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். வீடு போனது உண்மை, நான் சின்னப் பெண்ணாக அதைப் பார்த்தவள். எனக்கு முன்னால் அம்மாவே பதில் சொல்லிவிட்டார்: "அவர் கூப்பிட்டார், நான் போனேன். யாரும் என்னை இழுத்துக்கிட்டுப் போகலை." எண்பது தாண்டிய அம்மா அப்படிச் சொன்னதும் மாமா பந்தியை விட்டே எழுந்துவிட்டார்.

கிடைத்ததையும் சொல்கிறேன். 1946-லேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தியது, ஐ.நா. சபைக்கும் விஷயத்தைக் கொண்டுபோனது. 1947 மார்ச் 9 அன்று நாயக்கரும், டிரான்ஸ்வால் மாகாண இந்தியர் காங்கிரஸ் தலைவர் டாக்டர் யூசுப் தாதுவும், ஆப்பிரிக்கர்களின் காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமாவும் சேர்ந்து போராட ஒப்பந்தம் போட்டார்கள். 1952-ல் நாடு முழுக்கச் சட்டத்தை மீறிச் சிறை சென்றபோது கறுப்பர்களும் நம்மவர்களும் ஒன்றாகப் போனார்கள். 1956-ல் தேசத்துரோக வழக்கில் கைதான 156 பேரில் மண்டேலாவும் உண்டு, நாயக்கரும் உண்டு.

1949-ல் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தை மறைக்கிறேன் என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். 142 பேர் செத்தார்கள், எங்கள் தெருவிலும் கடை எரிந்தது. "இனி அவர்களோடு என்ன உறவு" என்று நம்மவர்கள் கொதித்த நேரத்தில், ஆப்பிரிக்கர்களின் காங்கிரஸ் தலைவர்களோடு சேர்ந்து இரண்டு பக்கமும் அமைதி பேசியவர் நாயக்கர். அதற்காகவே அவரை இன்னும் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம். தமிழர் மட்டும் போராடினார்கள் என்றும் நான் சொல்லவில்லை, தாது குஜராத்தி முஸ்லிம்.

கூட்டத்துக்குப் போகக் கூடாது, ஊர் தாண்டக் கூடாது என்ற அரசின் தடை உத்தரவில் வருஷக்கணக்கில் கட்டிப்போடப்பட்டிருந்து, 1978 ஜனவரியில் காலமானார். 1994-ல் அம்மா முதல் ஓட்டைப் போட்டார். நாயக்கருக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். போன தைப்பூசத்தில் ஒருவர் என் பேத்தி பேசியதை வீடியோவே எடுத்தார். நான் படித்த காலத்தில் அரசுப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் கிடையாது. நாள் முழுக்க இங்கிலீஷில் படித்துவிட்டுச் சாயங்காலம் கோயிலை ஒட்டிய கொட்டகையில் அ, ஆ எழுதினோம். வாத்தியார்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்காதவர்கள். அப்படித்தான் இந்தப் பதிலை எழுதும் அளவுக்கு வந்திருக்கிறேன்.

நீங்கள் வரும்போது அந்த மூலையைப் போய்ப் பாருங்கள். கேல் தெரு இப்போது மக்வாசா மபலாலா தெரு. டாக்டர் கூனம் பெயரிலும் ஒரு தெரு உண்டு, பழைய பிரின்ஸ் எட்வர்ட் தெருதான் அது. சாப்பிடக் கடை தேடி எப்படியும் அந்தப் பக்கம் போவீர்கள்.