காரீயம் உடம்புக்குள் வரும் வழிகள்: கேள்வி பதில்

பேட்டரித் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். காரீயம் (லெட்) பற்றி வந்த கேள்விகளில் சில. வெறுமனே ஈயம் என்று சொன்னாலும் அதைத்தான் சொல்கிறேன்:

பெட்ரோலில் ஈயத்தை நிறுத்திவிட்டார்களே, இன்னும் எதற்குப் பயன்படுகிறது?

இந்தியாவில் 2000-லேயே நிறுத்தினார்கள். கடைசியாக அல்ஜீரியா, 2021-ல். இன்று பெரும்பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது: பைக், கார், வீட்டு இன்வெர்ட்டர். மிச்சம் எக்ஸ்ரே அறைச் சுவர், கேபிள் உறை, தோட்டா.

சார், பேட்டரி மூடித்தானே இருக்கிறது?

வண்டியில் இருக்கும்வரை பயமில்லை. பழசானதும் ஈயத்துக்காக உடைக்கும்போதுதான் வினை. கோடரியால் பிளந்து, ஆசிடை மண்ணில் கொட்டி, தகடுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் யார் வேண்டுமானாலும் கொல்லைப்புறத்தில் செய்யலாம். செனகலில், டாக்கார் அருகே தியாரோய் சுர் மெரில் அப்படி உடைத்த இடத்து மண்ணைச் சலித்து, ஈயத் துணுக்கு பொறுக்கி விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன.

கணவருக்குப் பழைய பேட்டரி பிரிக்கும் வேலை. நாலு வயதுப் பையன் இருக்கிறான், என்ன செய்யட்டும்?

அவரை வேலை இடத்திலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கம்மா. அந்தச் சட்டையைப் பையன் துணியோடு ஊறப்போடாதீர்கள். வீட்டைப் பெருக்கினால் பொடி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் டாக்டரிடம் சொல்லி அவன் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். வாயில் போவதைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு குழந்தைகள் உடம்பு உறிஞ்சும். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தள்ளிப்போடாதீர்கள்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா?

தாராளமாக. நல்ல சொம்பு வெள்ளீயம் (டின்), அது வேறு உலோகம். காரீயம் கலந்திருந்தால்தான் ஆபத்து, புளி அதைக் கரைத்துவிடும். அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி விழுந்தால் அடுப்பில் ஏற்ற வேண்டாம். கோடு விழவில்லை என்பதற்காகக் கலப்படமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

எங்கள் பட்டறையில் தினமும் பாலும் வெல்லமும் தருகிறார்கள். விஷம் முறிந்துவிடுமா?

முறியாது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாமல் இருந்தால் ஈயம் ஏறுவது குறையும், அவ்வளவுதான். ஏறியது எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். பால் டம்ளரை வாங்கும்போதே முகமூடியும் புகைபோக்கியும் எங்கே என்று கேளுங்கள். குடிக்கும் முன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.