சவர நுரை: அப்பாவின் தாடைக்காகக் கற்றுக்கொண்டது

நீங்கள் கேட்டது இது: டியூப் கிரீமும் பிரஷ்ஷும் வாங்கி ஒரு மாதமாகிறது. நுரை பொங்கி வருகிறது, ஆனால் ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னத்தில் வற்றிப்போகிறது. தோலும் எரிகிறது. எங்கே தவறு?

உங்கள் நுரைக்குத் தண்ணீர் போதவில்லை. ஆனால் "தண்ணீர் சேருங்கள்" என்று மட்டும் சொன்னால் நாளைக் காலை நீங்கள் ஒரு கை தண்ணீரை ஊற்றுவீர்கள், சோப்புக் குமிழியாகப் போய்விடும். நானும் அப்படித்தான் மாதக்கணக்கில் அலைந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா, அதாவது ரப்பர், தோட்டங்களாக இருந்த டவுன், இப்போது எந்தப் பக்கம் போனாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்து வீடுகளின் குழாயடியில், விடியுமுன் இருட்டில், குளிக்கிற சோப்பையே முகத்தில் தேய்த்துக் கண்ணாடி இல்லாமல் சவரம் செய்துகொண்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடியவர். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபிறகு அவருக்குச் சவரம் செய்கிற வேலை எனக்கு வந்தது.

முதலில் டின்னில் வருகிற நுரையைத்தான் வாங்கினேன். அழுத்தினால் வெள்ளைவெளேரென்று குவிகிறது, பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி காற்று. வயதானவர் தோல் தளர்ந்து மெலிந்திருக்கும், பிளேடு போகிற பக்கமெல்லாம் அதுவும் சேர்ந்து போகும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். இடது கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்த அன்றைக்கே இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பிரஷ்ஷும் கிரீமும் வாங்கினேன். உங்களுக்கு ஆனது அத்தனையும் எனக்கும் ஆனது. கிரீம் அதிகம் போட்டால் களிம்பு மாதிரி அப்பிக்கொண்டது, தண்ணீரைக் கூட்டினால் பாத்திரம் கழுவுகிற நுரையாகி வழிந்தது. கடைசியில் டவுனில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்குப் போனேன். அஞ்சடி (கடை வரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதை) ஓரமாக இரண்டே நாற்காலி போட்ட கடை. அங்கே இருக்கிற பெரியவரிடம், "ஐயா, நீங்க நுரை போடுறதைக் கொஞ்சம் பார்த்துக்கிட்டு இருக்கலாமா?" என்று கேட்டேன். உட்காரச் சொன்னார்.

அவர் கிரீமை எடுத்தது ஒரு புளியங்கொட்டை அளவுதான். மங்கின், அதாவது கிண்ணத்தின், அடியில் அதைத் தடவினார். ஈரமான பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். அதன்பிறகு அவர் தண்ணீர் எடுத்த விதம்தான் நான் பார்க்க வேண்டியதாக இருந்தது. மூன்று விரல் நுனியை நனைத்து மங்கில் ஒரு தெறிப்பு. கொஞ்ச நேரம் சுற்றல். மறுபடி ஒரு தெறிப்பு. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது முறை. நான் வீட்டில் ஒரே தடவையில் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீரை அவர் ஒன்பதாகப் பிரித்துக் கொடுத்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுறோம்ல தம்பி, அது குடிக்கிற அளவுதானே குடிக்கும்? கிரீமும் அப்படித்தான். தண்ணி காட்டணும், ஊத்தக் கூடாது" என்றார்.

இதை வீட்டில் செய்யும்போது கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களைச் சொல்கிறேன். அளவைவிட அதுதான் கை கொடுக்கும். தொடக்கத்தில் கிரீம் வெறும் பசை போல இழுபடும், பிரஷ் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலைந்து தெறிப்புக்குப் பிறகு அளவு பெருகும். பார்க்க நுரை மாதிரியே இருக்கும், பிரஷ்ஷைத் தூக்கினால் கூம்பாக நிமிர்ந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்துகிறோம். நீங்களும் இங்கே நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். இது பாதி வழி. இந்த நுரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக இருக்கும், உள்ளே தண்ணீர் குறைவு, அதனால்தான் முகத்தில் சீக்கிரம் காய்ந்துபோகிறது. இன்னும் மூன்று நான்கு தெறிப்பு கொடுத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். திடீரென்று மினுமினுப்பு ஏறும், கெட்டித் தயிரின் மேல் வெளிச்சம் பட்ட மாதிரி. கூம்பு நேராக நிற்காமல் நுனி கிளிமூக்காக வளையும். அங்கே நிறுத்த வேண்டும்.

ஓசையையும் கேளுங்கள். குமிழி பெரிதாக இருந்தால் மங்கைக் காதருகே கொண்டுபோனால் மெல்லப் பொரிகிற மாதிரி சத்தம் வரும். சரியாக வந்த நுரை சத்தமே போடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தால் பிடிமானமே இல்லாமல் வழுக்க வேண்டும், உயரமாக நிற்கிறதா என்பது இரண்டாம் பட்சம். பிளேடுக்குத் தேவை அந்த வழுக்கல்தான்.

அளவு வேண்டுமென்றால், நான் தேக்கரண்டியால் அளந்து பார்த்தேன். புளியங்கொட்டை அளவு கிரீமுக்கு, பிரஷ்ஷில் தங்கியிருக்கிற ஈரம் போக, ஒன்றரைத் தேக்கரண்டி தண்ணீர் வரை என் கிரீம் வாங்கிக்கொள்கிறது. நேரம் முழுதாக இரண்டு நிமிடம். கிரீமுக்குக் கிரீம் மாறும், ஆகவே முதல் வாரம் சவரத்துக்கென்று இல்லாமல், சாயங்காலம் சும்மா உட்கார்ந்து நுரை மட்டும் போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே தண்ணீரை அதிகமாக்கிக் கெடுத்தும் பாருங்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தாண்டிப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். நான் மூன்று நாள் அப்படிச் செய்தேன். டியூப்பில் கொஞ்சம் வீணானது, பரவாயில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. நான் வேலை செய்வது செம்பனை ஆலையில். ஒருநாள் டியூப்பின் பின்பக்கத்தைப் படித்தால் ஸ்டியரிக் ஆசிட், மிரிஸ்டிக் ஆசிட், தேங்காய் எண்ணெய், பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு, கிளிசரின். இங்கே நாங்கள் பிழிகிற எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். செம்பனை எண்ணெயின் கெட்டிப் பகுதியிலிருந்து எடுக்கிற ஸ்டியரிக் ஆசிட்டில் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் கலந்தேதான் இருக்கும். இந்தக் கொழுப்பு அமிலங்கள் பொட்டாசியம் காரத்தோடு சேர்ந்து மென்மையான சோப்பாகின்றன. குளிக்கிற கட்டிச் சோப்பு சோடியம், அதனால் அது கெட்டி. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சட்டென்று பெரிய குமிழியைக் கொடுக்கும், ஆனால் நிற்காது. ஸ்டியரிக் மெதுவாகத்தான் எழும்பும், எழும்பினால் சின்னச் சின்னக் குமிழியாக அடர்ந்து நெடுநேரம் நிற்கும். இப்போது பாருங்கள்: முதல் அரை நிமிடத்தில் பொங்குவதில் தேங்காய் எண்ணெயின் பங்கே அதிகம். அங்கே நிறுத்திவிட்டால் ஸ்டியரிக் வேலையைத் தொடங்கும் முன்பே நாம் கையை எடுத்துவிடுகிறோம். அந்தப் பெரியவர் இரண்டு நிமிடம் சுற்றியதற்குக் காரணம் இதுதான். கிளிசரின் பிடித்துவைத்துக்கொள்வதற்கும் தண்ணீர் இருந்தால்தானே பிடிக்கும்?

பிரஷ் விஷயம். மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது. பன்றி மயிர் தண்ணீரை உள்ளே உறிஞ்சும், சவரத்துக்கு முன் மூன்று நான்கு நிமிடம் ஊறவைக்க வேண்டும், ஊறாமல் தொடங்கினால் பிரஷ்ஷே நுரையின் தண்ணீரைக் குடித்துவிடும். உங்களுடையது அந்த வகை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பேட்ஜர் என்கிற விலங்கின் முடி மயிர்களுக்கு நடுவே நிறையத் தண்ணீர் பிடிக்கும், நன்றாக உதறிவிட்டுத் தொடங்க வேண்டும். செயற்கை இழை உறிஞ்சவே உறிஞ்சாது, நனைத்து உதறினால் போதும், சீக்கிரம் காயும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் செயற்கை இழையைத்தான் சொல்வேன். பிரஷ்ஷுக்குள் ஒளிந்த தண்ணீர் என்று ஒன்று இல்லாததால் நீங்கள் தெளிக்கிறது மட்டும்தான் கணக்கு.

நம் நாட்டில் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பன்றி, நாய் உறுப்புகளால் செய்த பொருளை அதற்குரிய அடையாளமிட்டுத் தனியாக வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 2013இல் ஆணை வந்தது. 2017இல் கடை கடையாகப் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்களைப் பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். பெரியவரின் கடைக்கு மலாய்க்காரர்களும் வருகிறார்கள். அவர் பல வருடமாகவே செயற்கை இழைதான். "வர்றவங்க மனசு நோகாம உட்காரணும்ல" என்றார். பழைய பிரஷ் ஒன்றை மட்டும் அலமாரியில் வைத்திருக்கிறார், முடியெல்லாம் கொட்டிவிட்டது. கைப்பிடியில் 'செட் இன் ரப்பர்' என்று பொறித்திருக்கும். அந்தக் காலத்தில் முடி உதிராமல் இருக்க அடியைக் கெட்டி ரப்பரில் பதித்துவிடுவார்கள். அதை என் கையில் கொடுத்து, "உங்கப்பா வெட்டின பாலு எங்கெல்லாம் போயிருக்கு பாருங்க" என்றார். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

தண்ணீரும் முக்கியம், ஆனால் இங்கே குழாய்த் தண்ணீரில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலையடியில் இருக்கிற என் மச்சான் வீட்டில், கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோதுதான் தடுமாறினேன். தண்ணீரில் கால்சியம் இருந்தால் சோப்பு அதோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும், நுரைக்கு மிச்சம் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு மேலாக எடுத்துப் பயன்படுத்துங்கள். கரைந்திருக்கிற சுண்ணாம்பில் ஒரு பகுதி கொதியில் அடியில் படிந்துவிடும். பிரஷ்ஷை மட்டும் கொதிநீரில் போடாதீர்கள். முடியும் கெடும், அடிப்பசையும் விடும்.

அப்புறம் மின்விசிறி. இந்தப் புழுக்கத்தில் நாம் எல்லோரும் அதைச் சுழலவிட்டுத்தான் உட்காருகிறோம். முகத்துக்கு நேராகக் காற்று அடித்தால் எவ்வளவு நல்ல நுரையும் காயும். சவரம் முடியும்வரை அணைத்துவைக்கிறேன். அப்பாவுக்கு வியர்க்கும், தோள்மேல் ஈரத்துண்டு போட்டுவிடுவேன்.

முகத்தைத் தயார் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெதுவெதுப்பான துண்டை இரண்டு மூன்று நிமிடம் தாடையில் வைத்தால் முடி தண்ணீர் குடித்து மெத்தென்று ஆகும், பிளேடுக்கு வேலை குறையும். துடைக்காமல் ஈர முகத்திலேயே நுரையைப் போடுங்கள். முதலில் வட்டமாகத் தேய்த்து முடிகளுக்கு நடுவில் இறக்கி, கடைசியில் பெயிண்ட் அடிக்கிற மாதிரி மேலும் கீழும் நீவி மட்டமாக்குங்கள். பிளேடு போன இடத்தில் விரலை வைத்தால் இன்னும் வழுக்க வேண்டும். வழுக்கவில்லை என்றால் பிரஷ் நுனியை லேசாக நனைத்து அந்த இடத்தில் மறுபடி ஓட்டுங்கள், பாதியில் காய்ந்த நுரையையும் இப்படி மீட்கலாம். காய்ந்த இடத்தில் மட்டும் பிளேடை வைக்காதீர்கள், உங்கள் எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். முடிந்ததும் ஈரப் படிகாரத்தைத் தடவினால் எங்கே அழுத்திவிட்டோம் என்பது சுருக்கென்று தெரிந்துவிடும். அப்பாவுக்கு நான் படிகாரம் போடுவதில்லை, என் முகத்தில் மட்டும்தான்.

ஒரு பிரஷ்ஷை நான் பாழாக்கியிருக்கிறேன். கழுவி மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளியலறையிலேயே விட்டுவிட்டேன். நம் ஊர் ஈரப்பதத்தில் அடியில் பூஞ்சை பிடித்து நாறிவிட்டது. நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள், உதறுங்கள், துண்டில் ஒற்றி எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் விளிம்பில் நிற்கிறது.

இப்போது ஞாயிறு, புதன் காலைகளில் அப்பாவுக்கு. மங்கில் நான் சுற்றத் தொடங்கினதும் முகத்தைத் தானாகவே நிமிர்த்திக் கொடுப்பார், இடது கை மடியில் கிடக்கும். முடிந்தபிறகு அந்தக் கையால் தாடையை மெல்லத் தடவிக்கொண்டே வருவார். மூக்குக்குக் கீழே எங்காவது விட்டிருந்தால் விரலை அங்கே நிறுத்திக் காட்டுவார். அந்த ஒரு இடத்துக்காகப் பிரஷ்ஷில் நுரை மிச்சம் வைத்திருப்பேன்.