டவர் சூடாக இருந்தால் கதிர்வீச்சும் அதிகமா?

கேள்வி: எதிர் மாடியில் செல்போன் டவர் இருக்கிறது. அதன் அறையிலிருந்து இரவு பகலாகச் சூடான காற்று அடிக்கிறது. கீழேயே இவ்வளவு சூடு என்றால் மேலிருந்து வருகிற கதிர் எவ்வளவு சுடும்? மொத்தம் எத்தனை வாட் அது?

பதில்: சூடு அடிக்கிற இடம் வேறு, அலை போகிற இடம் வேறு. சொல்லப்போனால் அந்தச் சூடு அலையாக மாறாமல் வீணாய்ப்போன மின்சாரம்தான்.

வாட் கணக்கு இதுதான். ஒரு திசையைப் பார்க்கும் ஒரு அலைவரிசைக்கு வழக்கமாக 20 முதல் 40 வாட். மூன்று திசை, நாலு அலைவரிசை என்று கூட்டினால் சில நூறு வாட் வரும். ஆனால் டவர் இழுக்கிற மின்சாரமோ சில ஆயிரம் வாட். மிச்சம் எங்கே? பெரும்பகுதி, சிக்னலுக்குச் சக்தி ஏற்றுகிற பெருக்கியிலேயே (ஆம்ப்ளிஃபயர்) சூடாகிவிடுகிறது, ஏனென்றால் 4ஜி, 5ஜி சிக்னல் ஒரே சீராக இருக்காது, திடீர் திடீரென்று சராசரியைப் போலப் பல மடங்கு எகிறும், அந்த எகிறலுக்கும் தாங்குகிற மாதிரி பெருக்கியை வைத்தாக வேண்டும். அதனால் பெரும்பாலான நேரம் ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டுகிற கதைதான். 64 சின்னப் பெருக்கிகள் உள்ள பெரிய 5ஜி ஆன்டெனா 200 வாட் அலை அனுப்பச் சுமார் 1,000 வாட் சாப்பிடும்.

முன்பெல்லாம் பெருக்கி கீழே அறையில் இருக்கும், அங்கிருந்து தடித்த கறுப்பு கேபிள் மேலே ஏறும். கேபிளில் 3 டெசிபெல் இழப்பு என்றால் பாதி சக்தி வழியிலேயே காலி. இப்போது பெருக்கியையே மேலே ஆன்டெனா பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் முதுகைப் பாருங்கள், பைக் என்ஜினில் இருக்குமே, அதே மாதிரி வரிவரியாக அலுமினியத் தகடு இருக்கும். பெரும்பாலும் மின்விசிறி கிடையாது. நின்றுபோனால் யார் ஏறிச் சரிசெய்வது?

அப்படியானால் உங்கள் அறைக்காற்று? அது ஏசி வெளியே தள்ளுகிற சூடு. உள்ளே பேட்டரிகள் இருக்கும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், அதற்காகத்தான் இந்த ஏசி.

சரி, அலை சுடுமா? 40 வாட்டை ஆன்டெனா ஒரே பக்கம் குவித்து 50 மடங்கு ஆக்கினாலும், 100 மீட்டர் தள்ளி நேர் எதிரே நிற்பவர் மேல் விழுவது சதுர மீட்டருக்கு 0.016 வாட். நடுப்பகல் வெயில் சுமார் 1,000 வாட். ஆனால் ஆன்டெனாவுக்கு முன்னால் ஓரிரு மீட்டரில் நிற்பது வேறு விஷயம், அங்கே வேலை செய்பவர்கள் முதலில் அதை அணைக்கச் சொல்வார்கள்.

கேள்வி: டவர் பக்கத்தில் இருந்தால் போன் அதிகம் சூடாகுமா?

பதில்: நேர்மாறு. டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினாலே போதும், தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். 4ஜி போனின் உச்சமே வழக்கமாக 0.2 வாட்தான், பழைய 2ஜி போன் 2 வாட் வரை துடிப்புத் துடிப்பாக அனுப்பும். சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும் இடத்தில்தான் போன் உச்சத்தில் கத்தும். அங்கேயும் பெருக்கி வீணாக்குவது சூடுதான், ஆனால் அலுமினிய வரிகள் கிடையாது, உங்கள் உள்ளங்கைதான் உண்டு. சிக்னல் இல்லாத வழியில் ரயிலில் போகும்போது போன் பாக்கெட்டில் கதகதவென்று இருந்து, பேட்டரியும் சட்டென்று இறங்குவது இதனால்தான்.