ராம் சிக்லிட் ஜோடி ஒவ்வொரு முறையும் முட்டையைத் தின்றுவிடுகிறது, என்ன செய்வது?

இரண்டடித் தொட்டி, தாம்பரம் பக்கத்து போர் தண்ணீர், ஒரு ஜோடி ராம் (சிக்லிட் குடும்பத்துச் சின்ன மீன்), கொஞ்சம் கப்பி, அழுக்கைத் தின்னட்டும் என்று கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று. ராம் இரண்டு முறை கல்லில் முட்டை போட்டும் விடிந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பெற்றதே தின்கிறது என்றால் முட்டையைத் தனியாக எடுத்துப் பொரிக்கலாமா, இல்லை ராமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அபிஸ்டோகிராமா என்ற இன்னொரு சின்ன சிக்லிட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் "முட்டையை எடு, மெத்திலீன் ப்ளூ (பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்து) போடு" என்கின்றன. அந்தச் சக்கரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ராம் முட்டையே தின்னாது என்று சொல்ல வரவில்லை. தின்னும். கரு பிடிக்காமல் வெள்ளையாகிப் போன முட்டையைப் பொறுக்கித் தின்னும், இல்லாவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். தொட்டிக்கு முன்னால் ஆள் நடமாட்டம் அதிகமாக இருந்தால் பதறிப்போய் மொத்தத்தையும் தின்னும். முதல்முறை முட்டை போடும் இளம் ஜோடி பெரும்பாலும் சொதப்பும். ஆனால் ராத்திரி விளக்கை அணைக்கும்போது முழுசாக இருந்தது காலையில் துடைத்து வைத்த மாதிரி இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது தாய் தகப்பனை இல்லை. ராம் பகலில் இயங்கும் மீன். கும்மிருட்டில் அதனால் சரியாகக் காவல் காக்க முடியாது. சக்கருக்கோ ராத்திரிதான் சாப்பாட்டு நேரம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. பெரம்பூரில் இரண்டாம் மாடி, ஹாலில் தொட்டி. முட்டை காணாமல் போனதும் அத்தை (மாமியாரைச் சொல்கிறேன்) தீர்ப்பே எழுதிவிட்டார். "பெத்ததைத் தின்னுற ஜென்மத்தை நடுவீட்டுல வெச்சுப் பாக்கணுமா?" அதைக் கேட்டு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அடுத்த முறை முட்டை போட்ட அன்று சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, செல்போன் வெளிச்சத்தில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். நடு ராத்திரிக்கு மேல் சக்கர் கண்ணாடியிலிருந்து இறங்கிக் கல்லுக்கு வந்தது. பெண் ராம் அதன் முகத்தில் முட்டிக்கொண்டே இருந்தது. ஆண் பின்னால் வந்து வாலைக் கடித்தது. சக்கரின் உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அதற்கு உறைக்கவே இல்லை. கல்லின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை நிதானமாக உறிஞ்சிக்கொண்டே போனது. வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாளே சக்கரைப் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு கொளத்தூர் மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றார், கடைசியில் காசில்லாமல் வாங்கிக்கொண்டார். பேச்சு முழுவதும் என் கணவரிடம்தான். "சார், ராமெல்லாம் கஷ்டமான மீனு. மேடத்துக்கு ரெண்டு கோல்டு ஃபிஷ் வாங்கிக் குடுங்க." என் கணவருக்குக் கப்பிக்கும் மோலிக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்காக வண்டி ஓட்டி வந்தவர். மீன் கடைகளில் பெண்கள் தனியாகப் போய்க் கேள்வி கேட்டால் என்ன மரியாதை கிடைக்கும் என்று தனியாக ஒரு பதிலே எழுதலாம். இங்கே விடுகிறேன்.

நீங்களும் சக்கரை எடுத்துவிடுங்கள். இரண்டடித் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது, ஓரடிக்கு மேல் வளரும், அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். ஒரே ஒரு வேண்டுகோள்: பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது, இப்படி ஆளாளுக்கு விட்டதில்தான் நம் ஏரிகளில் பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கப்பிகளையும் கொஞ்ச நாளைக்கு வேறு டப்பாவில் வையுங்கள். முட்டைக்கு அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் நீந்த ஆரம்பிக்கும் குஞ்சுகளை விடாது. முட்டை இருக்கும் நாட்களில் ராத்திரி ஹாலில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும்.

அடுத்தது தண்ணீர். ராமின் சொந்த ஊர் வெனிசுலா, கொலம்பியாவில் ஓரினோக்கோ ஆற்றுப் புல்வெளிகள். தண்ணீர் வெதுவெதுப்பாகவும், உப்புச் சத்தே இல்லாத மாதிரி மென்மையாகவும், கொஞ்சம் அமிலமாகவும் இருக்கும். சூடு நமக்குப் பிரச்சினையே இல்லை, 27 முதல் 30 டிகிரி கேட்கும் மீனுக்குச் சென்னையைவிட நல்ல ஊர் ஏது? கடினம்தான் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900-ஐத் தாண்டும், உங்கள் பக்கமும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த மாதிரி தண்ணீரில் ராம் உயிரோடு இருக்கும், ஜோடி சேரும், முட்டையும் போடும். ஆனால் சுண்ணாம்புச் சத்து கூடின தண்ணீரில் முட்டைகள் சரியாகக் கரு பிடிப்பதில்லை. பாதிக்கு மேல் வெள்ளையாகும், அதைத் தாய் தின்னும், நாம் தாயைத் திட்டுவோம்.

நான் செய்தது, குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையே போர் தண்ணீரோடு கலந்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, டி.டி.எஸ்ஸை 120 வாக்கில் கொண்டுவந்தது. ஒரே நாளில் மாற்றினால் மீன் தாங்காது. ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீர் வீடு துடைக்கப் போகிறது, வீண் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கூடவே காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டு. அதிலிருந்து இறங்கும் சாயம் தண்ணீரைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவரும், பூஞ்சையையும் ஓரளவு அடக்கும். எங்கள் தெருவில் தினமும் கூட்டிக் குப்பையில் போடுகிற அதே இலையை ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். மருந்தடிக்காத மரமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

"நான் குழாய்த் தண்ணீரிலேயே குஞ்சு எடுத்தேன்" என்று கீழே எழுதப்போகிறவர்களே, நிஜமாகவே எடுத்திருப்பீர்கள். பண்ணைகளில் பல தலைமுறையாக வளர்ந்த மீன்கள் ஓரளவு பழகியிருக்கும். அது நடக்காது என்று நான் சொல்லவில்லை, கேள்வி கேட்டவருக்கு நடக்கவில்லையே என்றுதான் யோசிக்கிறேன்.

முட்டையைப் பிரித்தெடுப்பது தப்பில்லை, விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு அதுதான் சரி. வீட்டில் அப்படிச் செய்தால் ராம் வளர்ப்பதில் இருக்கும் பாதி சந்தோஷம் போய்விடும். சக்கர் போன பிறகு எங்கள் தொட்டியில் முட்டைகள் இரண்டரை நாளில் பொரிந்தன. அந்த நேரம் பார்த்து ஆண் மீன் குஞ்சுகளை வாயில் அள்ளியது. அத்தை சமையலறை வரை கேட்கிற மாதிரி கத்தினார், "முழுங்கிடுச்சு பாரு, நான் சொன்னேன்ல!" ஆண் நேராக மணலுக்குப் போய், முன்பே தோண்டி வைத்திருந்த குழியில் மொத்தத்தையும் துப்பியது. திரும்பிப் போய் அடுத்த வாய். அதற்குள் பெண் மீன் குழியிலிருந்து நழுவியவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி உள்ளே போட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று சீரியல் பார்க்கவில்லை.

குழியில் வாலாட்டிக்கொண்டு கிடக்கும்வரை தீனி வேண்டாம், வயிற்றில் கரு உணவு இருக்கும். மூன்று நான்கு நாளில் கூட்டமாக எழும்பி நீந்தும்போது அவசியம் வேண்டும். ராம் குஞ்சு மிகச் சின்னது. முதல் ஓரிரு நாள் பழைய ஸ்பான்ஞ் ஃபில்டரைத் தொட்டிக்குள்ளேயே லேசாகப் பிழிந்துவிடுங்கள், அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் போதும். அப்புறம் ஆர்ட்டீமியா, உப்புத் தண்ணீரில் வளரும் பொடி இறால் மாதிரி உயிர்; அதன் முட்டை கடையில் கிடைக்கும். சோடா பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, கல் உப்புத் தண்ணீர் ஊற்றி, அந்த முட்டையைப் போட்டு, காற்றுக் குழாய் விட்டால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும். விளக்கை ஒரு பக்கம் காட்டினால் ஆரஞ்சு நிறத்தில் அங்கே கூடும், உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

இதோடு மொய்னா என்ற பொடி நீர்ப்பூச்சியும் கொடுத்தேன், மொட்டை மாடியில் டப்பில் பச்சைத் தண்ணீர் வைத்து வளர்த்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் டெங்கு வரும் என்று டப்பையே கவிழ்த்துவிட்டார். கொசுவலை போட்டு மூடியிருந்த டப். அவர் வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நிறைந்த பக்கெட் வாரக்கணக்கில் படிக்கட்டில் நிற்கும், அதில் புழு நெளியும். டெங்கு கொசு வளர்வதே அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். கூட்டத்தில் சொன்னால், "மீன் வளர்க்கிறவங்க எல்லாம் பேசக் கூடாது" என்கிறார். பராமரிப்புக் கட்டணம் மட்டும் மீன் வளர்க்கிறவர்களிடமும் வாங்குகிறார். சரி, விடுங்கள்.

அபிஸ்டோகிராமா பற்றிக் கேட்டீர்கள். அழகுதான். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து ஓரத்தில் வாசல் வெட்டி வைத்தால் உள்ளே கூரையில் முட்டை போடும், அந்த நாட்களில் பெண் மீன் மஞ்சளும் கறுப்புமாக மாறி ஆணையே விரட்டும். ஆனால் அதற்கும் இதே மென்மையான தண்ணீர்தான் வேண்டும், சூடோ ராமைவிடக் குறைவாக வேண்டும். இன்னொன்று, 1996-இல் ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் பல அபிஸ்டோகிராமா இனங்களை வைத்துச் செய்த ஆய்வில், குஞ்சு வளரும் தண்ணீரின் சூடு கூடினால் ஆண்கள் அதிகமாவதைக் காட்டினார்கள். நம் மே மாதத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றால் கிரிபென்சிஸ் என்ற ஆப்பிரிக்க சிக்லிட்டை வாங்குங்கள், போர் தண்ணீரைக் கலக்காமல் ஊற்றினாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. கிடைத்தால் ஆரஞ்சு குரோமைட். நம் ஊர்க் கடலோரத்தின் சொந்த சிக்லிட் அது, கேரளத்துக் கரிமீனின் சின்ன உறவுக்காரன். கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பையே மேய்ந்து வளரும். கடைகளில் அதைக் கேட்பாரில்லை, வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் விலை போகும்.

அதற்கு முன்னால் உங்கள் ராம் ஜோடி நிஜமாகவே ஜோடிதானா என்று பாருங்கள். இரண்டு பெண்கள் சேர்ந்தும் கல்லைச் சுத்தம் செய்து முட்டை போடும், எல்லாம் வெள்ளையாகும். ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்கதிர்கள் நீண்டு நிற்கும். பெண்ணுக்கு வயிறு இளஞ்சிவப்பு, விலாவிலுள்ள கரும்புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் மின்னும். எலெக்ட்ரிக் ப்ளூ, பலூன் வகைகளில் இது சரியாகத் தெரியாது. இரண்டையும் பக்கவாட்டில் படமெடுத்துப் போடுங்கள், பிளாஷ் இல்லாமல். டி.டி.எஸ். எவ்வளவு என்றும் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.