லூர்து வரை வாடகைக் காரில்: காப்பீட்டை எங்கே வாங்குவது?

கேள்வி: வணக்கம் சார். எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம், மனைவிக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான் குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிற நாங்கள், பிள்ளைகளோடு நான்கு பேராக வரும் மே மாதம் பிரான்சிலுள்ள லூர்துக்கே போய்வர ஆசைப்படுகிறோம். பாரிசில் கார் வாடகைக்கு எடுத்து 10 நாள் நானே ஓட்டலாம் என்று எண்ணம். வாடகை 420 யூரோ. காப்பீடு அதில் சேர்ந்ததுதான், ஆனால் 'எக்சஸ் 1,200 யூரோ' என்று போட்டிருக்கிறது. அந்த எக்சஸ் வேண்டாம் என்றால் கார் எடுக்கும் கவுண்டரில் நாளுக்கு 24 யூரோ கட்ட வேண்டுமாம். முன்பதிவு செய்த இணையதளம் 'முழுப் பாதுகாப்பு' என்று 95 யூரோவுக்கு ஒன்று காட்டுகிறது. வேறு கம்பெனியில் தனியாக வாங்கினால் 50 யூரோதான் என்கிறார் நண்பர். விசாவுக்காக எடுத்த டிராவல் இன்ஷூரன்சும் கையில் இருக்கிறது. எதை எடுப்பது? என்னிடம் இருப்பது ஒரே கிரெடிட் கார்டு, வரம்பு 1,50,000 ரூபாய்.

பதில்: கார்டு வரம்பையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்தக் கேள்வியை அனுப்பும் பலரும் பிரீமியத் தொகையை மட்டும் எழுதுவார்கள். உங்களுக்கு எது சரி என்பதை முடிவு செய்யப்போவது அந்தக் கடைசி வரிதான்.

எக்சஸ் நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. உங்கள் சொந்தக் காரை கன்னியக்கோயில் பக்கம் எங்கேயோ இடித்துவிட்டு ஒர்க் ஷாப்பில் விடுகிறீர்கள். பில் 30,000 ரூபாய் வந்தாலும் கட்டாயக் கழிவு என்று முதல் 1,000 ரூபாயை உங்கள் கையிலிருந்துதான் வாங்குவார்கள். 1,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. அதே கழிவுதான் அங்கே 1,200 யூரோவாக நிற்கிறது. மச்சானிடம் 'ஃப்ரான்ஷீஸ்' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார். ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே 1,20,000 ரூபாய். எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம், அது வாடகையிலேயே அடங்கிவிடும். வாடகைக் காருக்கு வரும் சேதமும் திருட்டும் 1,200 யூரோவுக்கு மேல் போனால் அது அவர்கள் பாடு. அந்த 1,200 வரை உங்கள் பாடு. நீங்கள் கேட்கும் காப்பீடு எல்லாம் இந்த ஒரு தொகைக்காகத்தான்.

விசாவுக்கு எடுத்த பாலிசியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 30,000 யூரோ என்பது உங்கள் மருத்துவச் செலவுக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும். காரின் பம்பருக்கு அது வராது. சில இந்திய டிராவல் பாலிசிகளில் 'வாடகை வாகன எக்சஸ்' என்று ஒரு வரி இருப்பது உண்டு. உங்கள் பாலிசியின் பயன்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இருந்தாலும் எவ்வளவு தொகை வரை என்பதைக் கவனியுங்கள். 300 யூரோ வரை என்றால் மீதி 900 உங்களுடையது.

இனி அந்த மூன்று விலைகள். கவுண்டரில் விற்பது எக்சஸையே நீக்கிவிடும் வகை. சேதம் ஆனால் அவர்கள் உங்களிடம் கேட்கவே மாட்டார்கள், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். 10 நாளுக்கு 240 யூரோ, அதாவது 24,000 ரூபாய். தனியாக வாங்கும் 50 யூரோ பாலிசி வேலை செய்யும் விதமே வேறு. சேதம் ஆனால் வாடகைக் கம்பெனி உங்கள் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். ஊர் திரும்பியபின் நீங்கள் ரசீதுகளை அனுப்பி அந்தப் பணத்தைக் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். இணையதளத்தின் 95 யூரோ 'முழுப் பாதுகாப்பு' பெயரைக் கேட்டால் முதல் வகை போலத் தோன்றும். பெரும்பாலும் அது இரண்டாம் வகைதான்: கட்டிவிட்டு அப்புறம் திரும்ப வாங்குவது. கவுண்டரில் போய் 'நான் ஏற்கெனவே முழுப் பாதுகாப்பு எடுத்துவிட்டேன்' என்று அந்தத் தாளை நீட்டி, 'இது எங்களுடையது இல்லையே' என்ற பதிலைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்கள் நிறைய. விதிகள் ஒன்றாக இருக்கும்போது 95 கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆக 50க்கும் 240க்கும்தான் போட்டி. வித்தியாசம் 19,000 ரூபாய். நான் தனிப் பாலிசியின் பக்கம். ஆனால் உங்கள் கார்டை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கவுண்டரின் காப்பீட்டை வேண்டாம் என்றதும் எக்சஸ் அளவுக்கு உங்கள் கிரெடிட் கார்டில் டெபாசிட் பிளாக் செய்வார்கள். பணம் போகாது, வரம்பு முடங்கும். 1,50,000 வரம்பில் 1,20,000 முடங்கினால் மிச்சம் 30,000. அதில் நான்கு பேர் ஹோட்டல், நெடுஞ்சாலைச் சுங்கம், பெட்ரோல் எல்லாம் அடங்குமா? பாரிசிலிருந்து லூர்து ஒரு வழியே 800 கிலோமீட்டருக்கு மேல். விமான டிக்கெட்டை இதே கார்டில் போட்டு அந்தப் பாக்கி இன்னும் இருந்தால் டெபாசிட்டே ஏறாது. அந்த இடத்தில் வேறு வழியில்லாமல் 240 யூரோவைக் கட்டித்தான் காரை எடுக்க வேண்டியிருக்கும். 50 யூரோவும் போயிருக்கும்.

அதனால் இன்றைக்கே வங்கியில் வரம்பை 3,00,000 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். ஆக்கிக் கொடுத்தால் 50 யூரோ பாலிசியைத் தாராளமாக எடுக்கலாம். வரம்பு ஏறாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒரு ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவை நிரப்பிச் செலவுக்கெல்லாம் அதை வைத்துக்கொண்டு, கிரெடிட் கார்டைப் பாக்கி எதுவும் இல்லாமல் டெபாசிட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். மாற்றி நினைத்துவிடாதீர்கள், டெபாசிட்டுக்குப் பல கம்பெனிகள் ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் ஏற்பதில்லை. கார்டில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் முதல் ஓட்டுநராக இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சேதம் ஆகி 1,20,000 ரூபாய் நிஜமாகவே கார்டில் ஏறிவிட்டது, கிளெய்ம் வர இரண்டு மாதம் ஆகிறது. அந்தப் பணத்தைக் கெடு தேதியில் கட்டக் கையில் சேமிப்பு இருக்கிறதா? இல்லாமல் போனால் கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 4,200 ரூபாய். அப்படிக் கையிருப்பு இல்லாதவர்களுக்கு நான் கவுண்டர் காப்பீட்டைத்தான் சொல்வேன். 19,000 ரூபாய் கூடுதல்தான், இருந்தாலும் அவர்கள் வாங்குவது நிம்மதியான பயணத்தை.

உங்களுக்கு நான்காவதாக ஒரு வழியும் இருக்கலாம். புதுச்சேரிக் குடும்பங்களில் இதை யாரும் கேட்பதில்லை என்பது என் ஆதங்கம். மச்சானிடம் என்ன வங்கி அட்டை இருக்கிறது என்று விசாரியுங்கள். பிரான்சில் விசா பிரமியே, கோல்ட் மாஸ்டர்கார்டு போன்ற அட்டைகளில் வாடகைக் காரின் ஃப்ரான்ஷீஸுக்கான காப்பீடு சேர்ந்தே வரும். வருடக் கட்டணத்திலேயே அது அடக்கம். நிபந்தனை என்னவென்றால், வாடகையை அந்த அட்டையில்தான் கட்ட வேண்டும், ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்க வேண்டும். கார் எடுக்கவும் அவர் நேரில் வர வேண்டும். உங்களைக் கூடுதல் ஓட்டுநராக எழுதச் சொல்லி அதற்கான கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். நீங்கள் ஓட்டும்போதும் அந்தக் காப்பீடு செல்லுமா, எத்தனை நாள் வரை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சேதம் வந்தால் முதலில் பணம் போவது அவர் அட்டையிலிருந்து என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சொந்தத்துக்குள் பணப் பேச்சைத் தள்ளிப்போட்டு அப்புறம் முகம் கொடுத்துப் பேசாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தனிப் பாலிசிதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: யார் வாங்கலாம்? நண்பர் சொன்ன 50 யூரோ பாலிசி ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று இருக்கலாம். பல மலிவான பாலிசிகள் அப்படித்தான். இந்திய முகவரியைக் கொடுத்தும் இணையதளம் பணத்தை வாங்கிக்கொள்ளும். கிளெய்மின்போது 'நீங்கள் தகுதியில்லாதவர்' என்பார்கள். மச்சான் முகவரியைப் போட்டு வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது பொய்த் தகவல், பாலிசியே செல்லாமல் போகும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கும் விற்கும் பாலிசிகள் இருக்கின்றன, விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காரைக் கையில் வாங்கும் முன்பே, அதே பெயரில், எடுக்கும் நாள் முதல் திருப்பும் நாள் வரை வாங்கியிருக்க வேண்டும். இந்தியக் கம்பெனி பாலிசியில் தகராறு வந்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கடலூரும் புதுச்சேரியும் அவர் எல்லைக்குள் வரும். வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அந்த நாட்டு அமைப்பிடம்தான் எழுத வேண்டும்.

அடுத்து டயர், சக்கரம், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பாகம், சாவி. இவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் சொந்தப் பணத்தில் கற்றேன். சில வருடங்களுக்கு முன் தெற்கு பிரான்சில் காரைத் திருப்பும்போது, நிலத்தடி நிறுத்தத்தில் வெளிச்சம் குறைவாக இருந்தது. ஆள் யாரும் இல்லை, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மூன்று வாரம் கழித்து வலது முன்சக்கர விளிம்பில் கீறல் என்று 310 யூரோ எடுத்துவிட்டார்கள். நடைபாதைக் கல்லில் உரசியது எனக்கே நினைவிருந்தது, அதனால் மறுக்கவில்லை. என் தனிப் பாலிசியில் சக்கரம் சேர்ந்திருந்ததால் பழுதுத் தொகை 250 திரும்பி வந்தது. 'ஃப்ரே தெ தோசியே' என்று கோப்புக் கட்டணமாகப் பிடித்த 60 வரவில்லை, அது பாலிசியில் இல்லை. அந்த நிர்வாகக் கட்டணமும் அடங்கும் என்று எழுதியிருக்கிற பாலிசியைத்தான் அன்று முதல் எடுக்கிறேன். காரை எடுக்கும்போதும் திருப்பும்போதும் நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக, போன் டார்ச்சைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் அளவும் எரிபொருள் முள்ளும் ஒரு படத்தில் வரட்டும்.

பெரும்பாலான பாலிசிகள் காப்பாற்றாத தவறு ஒன்று உண்டு, தவறான எரிபொருள். பிரெஞ்சு பங்கில் 'கசோல்' என்று எழுதியிருக்கும். கேசொலின் போலக் கேட்பதால் பெட்ரோல் என்று பலர் போட்டுவிடுகிறார்கள். அது டீசல். பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ5 அல்லது இ10, டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7 என்று குறி இருக்கும். எரிபொருள் மூடியின் உள்பக்கத்திலும் அதே குறி உண்டு. இந்தத் தவறையும் ஏற்கும் பாலிசிகள் சில உண்டு என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை மறக்க வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் மேலே சொன்ன எந்தக் காப்பீடும் நிற்காது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் அரை மணி நேரம் ஓட்டினாலும் அதே கதிதான்.

நீண்ட விமானப் பயணம், பிள்ளைகள் தோளில் தூங்கி விழுகிறார்கள், கவுண்டரில் இருப்பவர் 'உங்கள் காப்பீடு இங்கே செல்லாது, 1,200 யூரோ பொறுப்பாகிவிடும்' என்று சொல்வார். இரண்டும் உண்மை, நீங்கள் அதற்குத்தான் தயாராகப் போகிறீர்கள். 'நோன், மெர்சி' போதும். கையெழுத்துக்கு நீட்டும் திரையில் கூடுதல் காப்பீட்டுக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா, மொத்தத் தொகை 420 தானா என்று பார்த்துவிட்டு விரலை வையுங்கள். கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் போகும்.

வழியில் வேறு வண்டியோடு மோதல் என்றால் அங்கே இரு தரப்பும் சேர்ந்து 'கோன்ஸ்தா' என்ற படிவத்தை நிரப்புவார்கள். காரின் முன்பெட்டியில் இருக்கும். படம் வரைந்து, கட்டங்களில் குறியிட்டு இருவரும் கையெழுத்திட்டபின் மாற்ற முடியாது, தவறு யாருடையது என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். வாடகைக் கம்பெனிக்கு அன்றே சொல்லிவிடுங்கள், அந்தப் படிவத்தின் நகலும் பழுது பில்லும் கார்டு கணக்கும்தான் பின்னால் கிளெய்முக்கு வேண்டும். பிரெஞ்சு புரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், மச்சானுக்குப் போன் போட்டு ஒவ்வொரு கட்டத்தையும் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவை எடுங்கள்.